‘ஒரு வாய்… ஒரே ஒரு வாய்!’ - கொல்லிமலை தேவனூர் நாட்டில் குழந்தைகளின் சாப்பாடும் தூக்கமும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அங்கிருந்துதான் கொல்லிமலை ஏற்றம் தொடங்குகிறது. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதியானால் பைக்கில் வரும் இளைஞர்கள் வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். கைக்குழந்தையோடு காரில் வருகிறவர்களுக்கு எண்ண நேரம் இருக்காது. பின் சீட்டில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். காலையில் ரெண்டு வாய் இட்லி, வழியில் அரை பிஸ்கட், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. தூங்க வேண்டிய நேரத்துக்குத் தூங்கவும் இல்லை.

அந்தக் காரின் டிக்கியைத் திறந்து பார்த்தால் பாதி வீடே இருக்கும். குட்டி குக்கர், பிளாஸ்க்கில் வெந்நீர், டப்பாவில் பருப்புப் பொடி, இன்னொரு டப்பாவில் நெய். மலையில் டவர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாள் இரவே போனில் இறக்கி வைத்த கார்ட்டூன்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீடுகளில் சுற்றுலா என்பதே இடம் மாற்றி வைத்த சமையலறைதான்.

வளைவுகளைப் பற்றி ஒரு சின்னத் தகவல். வண்டி ஓட்டத்தில் வரும் குமட்டல் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அபூர்வம். அதற்கு மேல்தான் அதிகம். அதனால் மலை ஏறும்போது வாந்தி எடுப்பது பெரும்பாலும் கைக்குழந்தை அல்ல, அதன் அண்ணனோ அக்காவோதான். உயரம் ஏற ஏறக் காது அடைப்பதால்தான் கைக்குழந்தை அழும். வண்டியை ஓரமாக நிறுத்தி, பால் கொடுத்தாலோ இரண்டு மடக்கு தண்ணீர் கொடுத்தாலோ, விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். வயிற்றை முட்ட நிரப்பிவிட்டு மலை ஏறுவதும் தப்பு, பட்டினி போட்டு ஏறுவதும் தப்பு. ஒரு தோசை, ஒரு மணி நேர இடைவெளி, பிறகு பயணம் என்றால் சரியாக இருக்கும்.

14 நாடுகளில் ஒரு நாடு

மேலே ஏறி முடித்ததும் வெயிலின் நிறமே மாறிவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடைப்பட்ட மேட்டு நிலம் இது. ஊட்டி, கொடைக்கானல் போல நடுக்குகிற குளிர் இல்லை. ஆனால், நாமக்கல் வெயிலிலிருந்து வருகிறவர்களுக்கு மாலையானால் ஸ்வெட்டர் தேவைப்படும். பள்ளத்தில் நெல், சரிவில் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, அதன் நிழலில் காபிச் செடி, வீட்டுக்கு வீடு பலா மரம், வாழை.

கொல்லிமலையை 14 நாடுகளாகப் பிரித்துச் சொல்வது இங்கே பழைய வழக்கம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும் அந்த வரிசையில் ஒன்றுதான் தேவனூர் நாடு. நாடு என்றதும் கோட்டை, கொத்தளம் என்று கற்பனை செய்ய வேண்டாம். சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்த ஒரு ஊராட்சி. இங்கே வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ்தான்.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், எட்டுக்கை அம்மன் கோயில், செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரம் படிகளுக்கு மேல். இடுப்பில் 11 கிலோ குழந்தையை வைத்துக்கொண்டு இறங்குவது எளிது, ஏறுவது பெரும்பாடு. சிறு குழந்தையோடு வருகிறவர்களுக்கு அருவியைவிட ஊர்ப்பக்கம் நடப்பதுதான் நல்லது. தேவனூர் நாட்டுப் பக்கத்துச் சிற்றூர்கள் அதற்கு ஏற்ற இடம். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, குழந்தையை இறக்கி விட்டு, அது காட்டும் திசையில் நடக்கலாம். கோழி, ஆட்டுக்குட்டி, காயப்போட்ட மிளகு. அரை மணி நேரத்தில் அந்தக் குழந்தைக்கு உண்மையான பசி வந்துவிடும்.

இந்த மலை என்ன சாப்பிட்டது?

‘இங்க உள்ள பிள்ளைங்கல்லாம் கேப்பங்களி சாப்பிட்டு எப்படி இருக்குது பாரு!’ என்று கீழிருந்து வரும் அம்மாயிகள் சொல்வதுண்டு. பாதி உண்மை. அதுவும் பழைய உண்மை.

சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு எல்லாம் இந்த மலையின் சொந்தப் பயிர்கள். சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, சடஞ்சாமை, பெருஞ்சாமை, திரிகுலச் சாமை என்று பல ரகங்கள். ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மெலிந்த மண்ணிலும் வரும், ஒன்று சோற்றுக்கு ருசி. கேழ்வரகோடு மொச்சை, துவரையும் சேர்த்து விதைப்பார்கள். ஒரே காட்டிலிருந்து களியும் வரும், அதற்குக் குழம்பும் வரும். ஒரு குழந்தையின் தட்டுக்குத் தேவையான மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்புச்சத்து எல்லாம் அடுத்தடுத்த வரிசைகளில் நின்றன. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம்.

சிக்கல் உரலில் இருந்தது. சாமையின் உமி லேசில் பிரியாது. ஒரு வேளைச் சோற்றுக்கு நீண்ட நேரம் உலக்கை போட வேண்டும். போட்டவர்கள் பெண்கள். காட்டு வேலை முடித்து, விறகு சுமந்து, தண்ணீர் எடுத்து வந்து, பிறகு உரல். இந்த வேலையைச் செய்யாத யாரும் ‘பாரம்பர்ய உணவை விட்டுட்டாங்களே’ என்று பெருமூச்சு விடுவதில் அர்த்தம் இல்லை.

அந்த நேரத்தில்தான் மரவள்ளி ஏறி வந்தது. கீழே ராசிபுரம், ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. கிழங்குக்குக் கையில் காசு. ரேஷனில் அரிசி மலிவாகி, 2011-லிருந்து இலவசமாகவே கிடைத்தது. குத்தத் தேவையில்லை, புடைக்கத் தேவையில்லை. சாமைக் காடுகள் கிழங்குக் காடுகளாயின. எந்தக் குடும்பமும் இதைத்தான் செய்திருக்கும்.

தட்டில் ஏற்பட்ட மாற்றத்தைக் கடைசியில் சுமப்பது சிறுசுகள்தான். வெறும் அரிசிச் சோறும் கிழங்கும் பெரியவர்கள் வயிற்றை நிரப்பும். இரண்டு வயதுக் குழந்தையின் வயிறு அதன் கைப்பிடி அளவு. அந்தச் சின்ன இடத்தில் மாவுச்சத்தே நிறைந்துவிட்டால் மற்றதற்கு இடமில்லை. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. போதாததற்கு, சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள். மலைக்கிழங்கு லாரியில் இறங்குகிறது. அதே 70 வளைவுகளில் சிப்ஸ் ஏறி வருகிறது. கீழேயுள்ள சூப்பர் மார்க்கெட்டில் சாமை ‘சிறுதானிய ஸ்பெஷல்’ ஆகக் கண்ணாடி அலமாரிக்குப் போய்விட்டது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்துவருகிறது. அழிந்துகொண்டிருந்த ரகங்களின் விதைகளைச் சேகரித்தார்கள். அதைவிட முக்கியமாக, உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்கே கொண்டுவந்து, மகளிர் சுய உதவிக் குழுக்களின் கையில் கொடுத்தார்கள். உலக்கை கீழே இறங்கினால்தான் சாமை திரும்ப உலைக்கு ஏறும் என்ற எளிய கணக்கு அது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரெல்லாம் சிறுதானியம் பேசியது. இந்த மலையில் அந்தப் பேச்சு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

சாப்பிடாத குழந்தை, சாப்பாடு கிடைக்காத குழந்தை

இரண்டும் ஒன்றல்ல. ஆனால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டுமே மெலிந்து தெரியும், இரண்டுமே சிணுங்கும்.

முதல் வகைக்கு வருவோம். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடம் முழுக்க ஏறுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் இவ்வளவு குறையும்போது பசியும் குறையத்தானே வேண்டும்? ‘பத்து மாசத்துல கிண்ணம் கிண்ணமா சாப்பிட்டான், இப்ப வாயே தொறக்க மாட்டேங்கிறான்’ என்று புலம்பும் அம்மாவுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். கூடவே இரண்டு வயதை ஒட்டி, புதிய உணவு எதைக் கண்டாலும் சந்தேகப்படும் குணமும் வருகிறது. நடக்கத் தெரிந்த குழந்தை கண்டதையும் வாயில் போட்டுவிடாமல் இயற்கை போட்ட வேலி அது என்று சொல்வார்கள். அந்த வேலியில் காளானும் மாட்டும், கத்திரிக்காயும் மாட்டும்.

இதற்கு நேர்மாறாக வீட்டில் நடப்பது என்ன? ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் போன். பாட்டு ஓடும்போது வாய் தானாகத் திறக்கும், ஸ்பூன் உள்ளே போகும். குழந்தை சாப்பிட்டதா என்றால் சாப்பிட்டது. பசித்ததா, ருசித்ததா, நிறைந்ததா என்று அதற்கே தெரியாது. மூன்று மாதத்தில் போன் இல்லாமல் தட்டுக்கு வராது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களில் ஒரு விசித்திரமான வேலை செய்தார். பால்குடி மறக்கும் வயதில் இருந்த 15 குழந்தைகள் முன் விதவிதமான உணவுகளை வைத்தார். மொத்தப் பட்டியல் 34. எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது எல்லாம் குழந்தையின் இஷ்டம். செவிலியர்கள் கெஞ்சக் கூடாது, பாராட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. ஒரு நாள் ஒரு குழந்தை முட்டையாகத் தின்னும், இன்னொரு நாள் பழமாகத் தின்னும். ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். மாதக் கணக்கில் பார்த்தால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. 1939-ல் முடிவுகளைச் சொன்னபோது அவரே ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: ரகசியம் அந்தப் பட்டியலில் இருந்தது. 34-ல் ஒன்றுகூட இனிப்புப் பண்டமோ பாக்கெட் தீனியோ இல்லை. தேர்வு குழந்தையுடையது, ஆனால் கடை பெரியவர்களுடையது.

அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் இதையே வீட்டுக்கான விதியாக மாற்றினார். எது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தை பொறுப்பு. கேட்கச் சுலபம். மூன்றாவது வேளையும் தட்டைத் தள்ளிவிடும் குழந்தை முன்னால் மாமியாரும் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது சுலபமில்லை. இருந்தாலும் வேறு வழி எதுவும் இந்த அளவுக்குப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. தள்ளிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வேளை வரை இடையில் பாலும் பிஸ்கட்டும் கொடுக்காமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி. ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குச் சோறு இறங்காது. பால் அதிகமானால் இரும்புச்சத்தும் குறையும்.

அங்கன்வாடிப் பாயில்

வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கன்வாடியில் தட்டை வழித்துச் சாப்பிடுவது மலையிலும் நடக்கும், மயிலாப்பூரிலும் நடக்கும். அம்மாக்களுக்கு ஆச்சர்யம், கொஞ்சம் கோபமும்கூட. காரணம் எளிது. பக்கத்தில் பத்துப் பேர் அதே சோற்றைச் சாப்பிடுகிறார்கள். பிடிக்காத காய்கறியை விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகளோடு சில நாள்கள் உட்கார வைத்தாலே குழந்தையின் விருப்பம் மாறுவதை அமெரிக்க உளவியலாளர் லீன் பிர்ச் 1980-ல் பதிவு செய்திருக்கிறார். அங்கன்வாடி ஊழியர்களுக்கு அந்த ஆய்வைப் படிக்கத் தேவை இருந்திருக்காது.

1975 அக்டோபர் 2-ம் தேதி நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்தான் அங்கன்வாடிகளின் அடிப்படை. தமிழ்நாட்டில் 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அதற்குச் சூடான மதியச் சோற்றைச் சேர்த்தது. கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு, இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்குக் கலவைச் சோறு, முட்டை. முட்டை விலை தினமும் செய்தியாகும் நாமக்கல் மாவட்டத்தில்தான் இந்த மலையும் இருக்கிறது. முட்டைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆனால், சிதறிக் கிடக்கும் மலையூர்களில் மூன்று வயதுப் பிள்ளை அங்கன்வாடிக்கு நடந்து வருவதே ஒரு வேலை. மழை நாளில் அதுவும் இல்லை. அன்றைக்குத் தட்டு காலி.

சாப்பிடாத குழந்தையா, சாப்பாடு போதாத குழந்தையா என்று பிரித்துச் சொல்லும் கருவி அங்கேதான் இருக்கிறது. ஒரு தராசு, ஒரு வளர்ச்சி அட்டை, கை அளக்கும் ஒரு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் இடது மேல் கையின் நடுப்பகுதியில் அந்த நாடாவைச் சுற்றினால் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 முதல் 12.5 வரை மஞ்சள், 11.5-க்குக் கீழ் சிவப்பு. சிவப்பு என்றால் அது சேட்டை அல்ல, சிகிச்சை தேவை. பச்சையில் இருந்து, அட்டையில் கோடு தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால், தட்டை எத்தனை முறை தள்ளினாலும் பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். காரில் வந்த குழந்தைக்கும் களத்துமேட்டுக் குழந்தைக்கும் ஒரே நாடாதான்.

மெலிவு மட்டுமல்ல, சோகையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்த சோகை. மலை, நகரம் என்ற வித்தியாசம் பார்க்காத பிரச்னை இது. சோகை உள்ள குழந்தைக்குப் பசி எடுக்காது, எரிச்சல் வரும், தூக்கமும் கெடும். மண், சுண்ணாம்பு, சிலேட்டுக்குச்சி தின்றால் அடித்துத் திருத்துவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வாரம் இருமுறை தரப்படும் இரும்புச்சத்து சிரப்பும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரப்படும் பூச்சி மாத்திரையும் அரசு மையங்களில் இலவசம். இவற்றை ‘சூடு’ என்று சொல்லித் தவிர்ப்பவர்கள் கீழேயும் உண்டு.

சோற்றுக்கு முன் வரும் தூக்கம்

மதியச் சோறு முடிந்ததும் அங்கன்வாடியில் பாய் விரிப்பார்கள். ஒருவர் கொட்டாவி விட்டால் அடுத்தடுத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் இதே நேரத்தில் பெரும் போர்.

பல வீடுகளில் ‘சாப்பிடலை’ என்ற புகாரின் பாதி உண்மையில் தூக்கப் புகார்தான். ஒரு வயது வரை காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு குட்டித் தூக்கம் போடும் குழந்தை, 15 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் ஒன்றுக்கு மாறுகிறது. அந்த மாற்றம் ஒரே நாளில் நடக்காது. சில வாரங்கள் இழுக்கும். அந்தச் சில வாரங்களில் காலைத் தூக்கம் வராது, மதியம் ஒரு மணிச் சோற்றுக்கு முன்பே கண் சொருகும். தூக்கக் கலக்கத்தில் ஊட்டினால் துப்பும், கத்தும். விட்டால் வெறும் வயிற்றோடு தூங்கி, நாலு மணிக்கு எழுந்து, இரவு பத்து மணி வரை ஆடும். செய்ய வேண்டியது ஒன்றுதான். சோற்று நேரத்தைக் குழந்தையின் தூக்கத்துக்கு முன்னால் நகர்த்த வேண்டும். பதினொன்றரைக்குச் சோறு, பன்னிரண்டரைக்குத் தூக்கம். பெரியவர்கள் சாப்பாட்டு நேரத்தோடு அது பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

மலை வேலை இந்தப் பிரச்னையை வேறு விதமாகச் சமாளித்தது. காட்டு வேலைக்கு விடியலிலேயே கிளம்ப வேண்டும் என்பதால் வீடே சீக்கிரம் எழும், சீக்கிரம் சாப்பிடும், சீக்கிரம் விளக்கணைக்கும். மரக்கிளையில் சேலைத் தூளி கட்டினால் குழந்தை வேலை நடக்கும் இடத்திலேயே தூங்கும். காலை வெயில் முகத்தில் படுவதும், பொழுது சாய்ந்ததும் இருட்டுவதும் தூக்கத்துக்கு உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைச் சரி செய்யும். இப்போது தேவனூர் நாட்டிலும் டி.வி உண்டு, போன் உண்டு. பத்து மணி வரை விழித்திருக்கும் குழந்தைகளும் உண்டு. இருந்தாலும் இங்கே இரவு இன்னும் இருட்டாக இருக்கிறது. நகரத்துப் பெற்றோர் ஒரு இரவு தங்கினால் அந்த வித்தியாசம் தெரியும்.

ஒன்று முதல் இரண்டு வயது வரை, பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம். மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு இது. அதே அறிக்கை ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது, இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. சத்தமாகக் குறட்டை விடுவது, வாயைத் திறந்தபடியே தூங்குவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இருந்தால் பழக்கத்தை மாற்றிப் பயனில்லை, டாக்டரிடம்தான் போக வேண்டும். எடை குறைவது, மாதக் கணக்கில் ஏறாமல் நிற்பது, கட்டியான எதையும் மெல்லாமல் ஓக்களிப்பது ஆகியவையும் அந்தப் பட்டியலில் வரும்.

புது இடத்தில் முதல் இரவு எந்தக் குழந்தையும் சரியாகத் தூங்காது. விடுதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. வீட்டுப் போர்வை ஒன்று, தினமும் படுக்கும்போது கேட்கும் அதே பாட்டு, அதே கதை போதும். ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ‘மலைக்காத்துல தூங்கவே இல்லை’ என்று முடிவு கட்ட வேண்டாம். முடிந்தால் இரண்டு இரவு தங்கலாம்.

தட்டில் என்ன வைக்கலாம்?

இந்த மலையின் வாழைப்பழம் குழந்தைகளுக்கு அருமை. மசிக்கவே தேவையில்லை, கையில் கொடுத்தால் போதும். பலாச்சுளை வழுக்கும் என்பதால் முழுதாகக் கொடுக்கவே கூடாது, பொடிப்பொடியாக நறுக்கித்தான் தர வேண்டும். வேகவைத்த பலாக்கொட்டையும் அப்படியே, மசித்தால் மட்டும். மலைத்தேனை ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, கைக்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும். மரவள்ளிக் கிழங்கை வாங்கினால் தோல் நீக்கி, தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கூடவே பருப்போ முட்டையோ இருந்தால்தான் அது சாப்பாடு.

கேழ்வரகின் நிறத்தைப் பார்த்தே ஓடும் குழந்தைகள் உண்டு. அவர்களிடம் களியில் தொடங்கினால் தோல்விதான். தோசை மாவில் இரண்டு ஸ்பூன் கேழ்வரகு மாவு, அடுத்த வாரம் மூன்று ஸ்பூன். ஒரு புது ருசி பழக 8 முதல் 15 முறைகூட ஆகலாம். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது முறையிலேயே ‘அவனுக்கு இது பிடிக்காது’ என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டியதில்லை. விரல்நுனி அளவு போதும். தொட்டுப் பார்த்துத் துப்பினாலும் ஒரு முறைதான்.

சாமை இன்னும் எளிது. வெள்ளையாக, குழைவாக, அரிசிச் சோறு போலவே இருக்கும். சோளக்காட்டுச் சந்தைப் பக்கம் போனால் கேட்டு வாங்கலாம். அதிகம் தீட்டாத சாமை கொஞ்சம் மங்கலாக இருக்கும், அதுதான் நல்லது. ஒரு பங்கு சாமைக்குப் பெரியவர்களுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு பங்கு. அரை மணி நேரம் ஊறவைத்து, கால் பங்கு பாசிப்பருப்பு சேர்த்து, சீரகம், மலை மிளகு ஒரு சிட்டிகை, இறக்கும்போது நெய். ஆறினால் கெட்டியாகிவிடும் என்பதால் ஊட்டும் முன் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அப்பா, அம்மா தட்டிலும் அதே சாமைச் சோறு இருந்தால் நல்லது. எதிரே இருக்கிறவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டு தனக்கு மட்டும் சாமை ஊட்டினால் இரண்டு வயதுக்காரருக்கும் விஷயம் புரிந்துவிடும்.